எஃப்பி4 பிளஸ் ஃபிலிமும் பைரோகேட் டெவலப்பரும்: சென்னையில் பிளாட்டினம் பிரிண்ட் போடுபவர்களுக்கு

பிளாட்டினம் பிரிண்ட்டுக்கு (வெள்ளிக்குப் பதிலாகப் பிளாட்டினம் உலோகத்தால் தாளில் உருவாகும் கறுப்பு-வெள்ளைப் படம்) எந்த ஃபிலிம் வாங்கலாம், அதை எதில் கழுவலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இப்போது ஒரே பதில்தான் இருக்கிறது. ஃபிலிம், இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ். டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், பைரோகேட்-எச்டி. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு நல்ல வழிகள் வேறு பல இருக்கலாம். குழாயைத் திறந்தால் 30 டிகிரியில் தண்ணீர் வருகிற ஊரில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன்.

புரசைவாக்கத்தில் அப்பா நடத்திய ஸ்டூடியோவின் டார்க்ரூம்தான் இன்றும் என் டார்க்ரூம். அங்கே கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் டி-76 டெவலப்பரில்தான் கழுவினோம். பிளாட்டினத்துக்கு நான் வந்ததற்கு முக்கியக் காரணம் சென்னையின் ஈரம். பழைய வெள்ளி பிரிண்ட்டுகளின் ஜெலட்டினில் பூஞ்சை பிடித்து, முகங்கள் புள்ளிபுள்ளியாக அரித்துப்போனதை நிறையப் பார்த்துவிட்டேன். பிளாட்டினம் பிரிண்ட்டில் பூஞ்சைக்குத் தீனியாக மேலே ஜெலட்டின் படலம் கிடையாது. உலோகம் நேராகக் காகித நாரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் பளபளப்பில்லாத கறுப்பைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, இதற்கு ஏன் தனி நெகட்டிவ்? வில்லியம் வில்லிஸ் இங்கிலாந்தில் 1873-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. ஃபெரிக் ஆக்சலேட் என்ற இரும்பு உப்பும், பிளாட்டினம் அல்லது அதே இனத்து உலோகமான பல்லேடியத்தின் உப்பும் கலந்து தாளில் பூசுகிறோம். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் ஃபெரிக் ஃபெரஸாக மாறுகிறது. பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலை ஊற்றியதும் அந்த ஃபெரஸ் உப்பு பிளாட்டினத்தை உலோகமாக இறக்கிவிடுகிறது. இந்தக் கலவைக்குச் சாதாரண வெளிச்சத்தில் வேகம் மிகக் குறைவு. என்லார்ஜர் வைத்துப் பெரிதாக்க முடியாது. 8×10 அங்குல பிரிண்ட் வேண்டுமென்றால் 8×10 நெகட்டிவ் வேண்டும், தாளோடு ஒட்டவைத்து வெயிலிலோ யூவி டியூப்புக்கு அடியிலோ வைக்க வேண்டும்.

அளவை விடப் பெரிய விஷயம் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளி. சாதாரண கான்ட்ராஸ்ட் தரும் இரண்டாம் கிரேடு வெள்ளித் தாளுக்கு, நெகட்டிவின் மெலிந்த இடத்துக்கும் அடர்ந்த இடத்துக்கும் அடர்த்தி வித்தியாசம் ஏறக்குறைய 1.05 இருந்தால் போதும். மெலிந்த இடம், அடர்ந்த இடத்தைவிடச் சுமார் 11 மடங்கு ஒளியை விடுகிறது என்று அதற்குப் பொருள். பல்லேடியத்துக்கு 1.8 பக்கம் போக வேண்டும், அதாவது 60 மடங்குக்கும் மேல். வெள்ளித் தாளுக்காகக் கழுவிய அருமையான நெகட்டிவைப் பல்லேடியத்தில் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி வரும். கறுப்பு இருக்காது, வெள்ளையும் இருக்காது. புதிதாக வருபவர்கள் உப்பைக் குறை சொல்வார்கள், தாளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு நெகட்டிவில்தான் இருக்கும்.

கான்ட்ராஸ்ட் குறைந்த நெகட்டிவைக் காப்பாற்ற வழிகள் இருக்கின்றன. பொட்டாசியம் குளோரேட் கலந்த ஃபெரிக் ஆக்சலேட்டைச் சேர்க்கலாம். பல்லேடியத்தில் என்ஏ2 என்கிற சோடியம் ஹெக்ஸாகுளோரோபிளாட்டினேட்டைச் சொட்டுச் சொட்டாக விடலாம். குளோரேட் கூடினால் வெளிச்சப் பகுதிகளில் மணல் தூவிய மாதிரி சொரசொரப்பு வரும். என்ஏ2 அவ்வளவு மோசமில்லை, ஆனால் காகிதத்தின் வேகத்தைக் குறைக்கும், விலையும் அதிகம். எதையும் சேர்க்காமல், பல்லேடியம் மட்டும் பூசி வருகிற பிரிண்ட்டின் வழவழப்பு வேறு எதிலும் வராது. அதனால்தான் நெகட்டிவே முழு கான்ட்ராஸ்ட்டையும் சுமந்துகொண்டு வரட்டும் என்கிறேன். ஒவ்வொரு சோதனை பிரிண்ட்டிலும் விலையுயர்ந்த உலோகம் கரைகிறது. ஃபிலிமில் பார்க்க வேண்டிய வேலையைத் தாளில் பார்ப்பது வீண் செலவு.

இனி டெவலப்பர். பைரோகேட்-எச்டி, சாண்டி கிங் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் உருவாக்கி, எல்லோரும் கலந்துகொள்ளட்டும் என்று வெளியிட்ட சூத்திரம். இரண்டு பகுதி. ஏ பகுதி ஒரு லிட்டருக்குப் பைரோகேட்டகால் 50 கிராம், சோடியம் பைசல்ஃபைட் 10 கிராம், பினிடோன் 2 கிராம், பொட்டாசியம் புரோமைடு 1 கிராம். பி பகுதி, லிட்டருக்குப் பொட்டாசியம் கார்பனேட் 750 கிராம். வழக்கமான கலவை 1:1:100. 8×10 டிரேயில் ஒரு லிட்டர் ஊற்ற ஒவ்வொன்றிலும் 10 மி.லி. எடுத்தால் போதும். ஒரு லிட்டர் ஏ பகுதியில் நூறு லிட்டர் டெவலப்பர் வருகிறது. ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுகிற டெவலப்பர்தான், ஆனாலும் நான் பார்த்ததில் இதைவிட மலிவானது இல்லை.

மலிவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இது கறை போடுகிற டெவலப்பர். வெள்ளி எங்கே எவ்வளவு உருவாகிறதோ அதே அளவுக்கு அங்கே ஒரு பழுப்புக் கறையும் படிகிறது. அந்தக் கறை புற ஊதாவைப் பலமாகத் தடுக்கிறது. கண்ணுக்கு நெகட்டிவ் மெலிதாகத்தான் தெரியும். என் அண்ணன் மகள் முதன்முதலில் லைட் டேபிளில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சித்தப்பா, இது சரியாவே கழுவல போலிருக்கே" என்றாள். பிரிண்ட் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினாள். அடர்த்தியை அளக்கும் சாதாரண டென்சிட்டோமீட்டர் காட்டும் எண்ணை நம்பி இந்த நெகட்டிவை எடைபோடக் கூடாது, யூவி அளவீடு உள்ள கருவி வேண்டும். அது என்னிடம் இல்லை, பெரும்பாலானோரிடமும் இருக்காது. ஸ்டூஃபர் 21 படி வெட்ஜ் (அடர்த்தி படிப்படியாகக் கூடும் சோதனைப் பட்டை) ஒன்று இருந்தால் போதும். ஒரு படிக்கு 0.15 வித்தியாசம், 12 படி சேர்ந்தால் 1.8. நெகட்டிவுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பிரிண்ட் போட்டால், உங்கள் தாளும் உங்கள் உப்பும் எத்தனை படி கேட்கின்றன என்று அதுவே காட்டிவிடும்.

இந்தக் கறையால் இன்னொரு லாபமும் உண்டு. அது நீல ஒளியைத் தடுப்பதைவிடப் புற ஊதாவை அதிகம் தடுக்கிறது. பல்லேடியத்துக்குப் போதுமான கான்ட்ராஸ்ட் உள்ள அதே நெகட்டிவ், வெள்ளித் தாளில் அடங்கியே நடக்கும். இரண்டிலும் பிரிண்ட் போட விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி. பிஎம்கே என்ற இன்னொரு பைரோ டெவலப்பரும் கறை போடும், ஆனால் அதன் கறை பச்சை கலந்த மஞ்சள். வெள்ளித் தாளுக்கு அது அழகு. பிளாட்டினத்துக்கு என் ஓட்டு பைரோகேட்டின் பழுப்புக்கே.

அப்புறம் வெப்பம். எல்லாப் புத்தகத்திலும் நேர அட்டவணை 20 டிகிரிக்குத்தான் இருக்கும். சென்னையில் மார்கழி விடிகாலையில்கூடக் குழாய்த் தண்ணீர் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே முடியாது. ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. எஃப்பி4 பிளஸ்ஸுக்கு நீர் கலக்காத டி-76-இல் 20 டிகிரியில் எட்டரை நிமிடம். 30 டிகிரியில் அது நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவாகக் கழுவினால் வானம் திட்டுத்திட்டாக வரும். பிளாட்டினத்துக்காக நேரத்தை நீட்டிச் சமாளிக்கலாம், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். நல்ல நெகட்டிவ் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த அடர்த்தி முழுவதையும் வெள்ளியே தர வேண்டும். நேரத்தை நீட்ட நீட்ட ஃபிலிமின் அடிப்புகையும் (ஒளி படாத இடத்திலும் படியும் மெல்லிய கறுப்பு) ஏறும். அடிப்புகை ஏறினால் வெயிலில் கூடுதல் நேரம் காய வேண்டும். பைரோகேட் நூறு மடங்கு நீர்த்துப்போன டெவலப்பர். வெப்பம் கூடினாலும் அதற்குப் பதற்றம் இல்லை. நான் 26 டிகிரியில் நிற்கிறேன், ஐஸ் கட்டிகளைப் பாலித்தீன் பையில் கட்டி வெளி டிரேயில் போட்டால் அந்த வெப்பம் எளிதாகக் கிடைத்துவிடும். 1:1:100, டிரேயில் இடைவிடாமல் அசைத்து, 10 நிமிடம். இது என் டிரே, என் கை, என் தண்ணீருக்கான தொடக்கப் புள்ளி. நீங்கள் வெட்ஜ் வைத்து உங்கள் நேரத்தைக் கண்டுகொள்ளுங்கள். 20 டிகிரிக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று ஐஸோடு போராட வேண்டாம். டெவலப்பர் 20-இலும் அலசும் தண்ணீர் 32-இலும் இருப்பது ஃபிலிமுக்கு இன்னும் கெடுதல். எல்லாத் தட்டும் ஒரே வெப்பத்தில் இருப்பது முக்கியம்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உப்பு நாளுக்கு நாள் மாறுகிறது. டெவலப்பர் கலக்கக் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன். கடைசி அலசலுக்கும் அதே. நடுவில் அலசுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

ரசாயனங்களை எங்கே வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாரிமுனைப் பக்கம், பார்க் டவுன் நைனியப்பன் நாயக்கன் தெருவைச் சுற்றிய ரசாயனக் கடைகளில் பொட்டாசியம் கார்பனேட், பைசல்ஃபைட், புரோமைடு மூன்றும் சிரமமில்லாமல் கிடைத்தன. பைரோகேட்டகாலை ஆய்வகத் தரத்தில் சொல்லிவைத்து வாங்கினேன். பினிடோனுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. 2 கிராம் நிறுக்க நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். ஏ பகுதியைத் தண்ணீரில் கலந்தால் நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் சோர்ந்துவிடும். புரொப்பிலீன் கிளைக்காலைச் சூடாக்கி அதில் கரைத்தால் நெடுநாள் தாங்குகிறது. பி பகுதியில் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கரையும்போதே சூடேறும்.

பைரோகேட்டகால் விஷம், தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். தூளை நிறுக்கும்போது முகக்கவசம், டிரேயில் கை விடும்போது நைட்ரைல் கையுறை, இரண்டும் கட்டாயம். மின்விசிறியை அணைத்துவிட்டு நிறுங்கள். வேர்க்கிறது என்று கையுறையைக் கழற்றுவது ஆபத்து. சமையலறையில் இதைக் கலக்கவே கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் புட்டியைப் பூட்டி வையுங்கள்.

டெவலப்பருக்குப் பின், அதன் வேலையை நிறுத்தும் அசெட்டிக் அமிலத் தடுப்பைத் தவிர்த்து வெறும் தண்ணீரில் அலசுகிறேன், பிறகு படத்தை நிலைநிறுத்தும் வழக்கமான ஃபிக்ஸர். பழைய பைரோ பழக்கமாக, ஃபிக்ஸருக்குப் பிறகு மறுபடி பழைய டெவலப்பரில் முக்குவார்கள். பைரோகேட்டுக்கு அது வேண்டாம். படத்தில் சேராத பொதுக்கறையைத்தான் அது ஏற்றும்.

இப்போது ஃபிலிம். எஃப்பி4 பிளஸ் 125 ஐஎஸ்ஓ. பெட்டியில் 125 என்று போட்டிருந்தாலும் பைரோகேட்டோடு நான் 80 என்று வைத்து மீட்டர் பார்க்கிறேன், நிழலில் கூடுதலாக ஒரு மூச்சு கிடைக்கட்டும் என்று. இந்த ஃபிலிமின் பெரிய குணம், நேரத்தை நீட்டினால் கான்ட்ராஸ்ட் கேட்டபடி ஏறும். ஏறும்போது வெளிச்சப் பகுதி முட்டிக்கொண்டு நிற்காது. மயிலாப்பூர் தெப்பக்குளப் படிகளில் மதிய வெயிலில் ஒரு வெள்ளை வேட்டியும், அதற்குப் பின்னால் கோபுர நிழலில் ஒரு கருங்கல் தூணும் இருக்கிறது என்று வையுங்கள். வேட்டியின் மடிப்பும் தூணின் உளித் தடமும் ஒரே பிரிண்ட்டில் நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் இந்த ஃபிலிமை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

குறையும் உண்டு. நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டர் பல விநாடி திறந்திருக்கும்போது, ஃபிலிமின் வேகம் (ஒளியை உணரும் திறன்) தளரும். ஆனால் இல்ஃபோர்டு அதற்கொரு கணக்குத் தருகிறது, மீட்டர் சொன்ன விநாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 விநாடி என்றால் 18, 30 விநாடி என்றால் 73. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டுத் தாழ்வாரத்தை எடுத்தேன். முற்றத்திலிருந்து வந்த வெளிச்சம் ஒன்றுதான். மீட்டர் 30 சொன்னது, 73 விநாடி திறந்து வைத்தேன். உள்ளறைக் கதவின் பித்தளைக் குமிழ் வரை விவரம் வந்தது. இந்தக் கணக்கு இல்லாமல் 30-ஐயே நம்பினால் தாழ்வாரத்தின் பாதி கறுப்பில் மூழ்கியிருக்கும்.

மற்ற ஃபிலிம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கொடாக் டி-மேக்ஸ் 400 தரத்தில் எஃப்பி4-ஐ விஞ்சும். நேர்கோடாக ஏறும் அடர்த்தி, நீண்ட எக்ஸ்போஷரில் அதிகம் தளராத வேகம், கான்ட்ராஸ்ட் எவ்வளவு கேட்டாலும் தரும். காற்று அடிக்கிற காசிமேட்டில் படகையும் வலையையும் எடுக்க 400 வேகம் வரம். 8×10-இல் அதன் விலைதான் தடை. பணம் பிரச்சினை இல்லை என்பவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம்.

அதே பெயரில் இருப்பதால் டி-மேக்ஸ் 100 வாங்கிவிடாதீர்கள். வெள்ளித் தாளுக்கு அது அருமையான ஃபிலிம்தான். ஆனால் ஷீட்டிலேயே புற ஊதாவைத் தடுக்கும் தன்மை இருக்கிறது. பிளாட்டினத்தில் எக்ஸ்போஷர் நேரம் பல மடங்கு நீண்டுவிடும். இதை அட்டையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் தப்பலாம்.

இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் எனக்குப் பிடித்த ஃபிலிம், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. கான்ட்ராஸ்ட்டை ஏற்ற ஏற்ற ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அடிப்புகைதான் கூடும். வெயில் கொளுத்தும் காட்சிக்குச் சரி, மேகமூட்டத்துக்கு வேண்டாம். செக் நாட்டு ஃபோமாபான் 100 விலையில் இதமானது, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு விநாடியைத் தாண்டினால் மிகவும் தளர்ந்துவிடும். தாழ்வாரத்துக்கு அதை எடுத்துப்போக மாட்டேன்.

எக்ஸ்ரே ஃபிலிம் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இளைஞர்கள் நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். அது தவறு இல்லை. 8×10 ஷீட்டின் விலை எஃப்பி4-இல் பத்தில் ஒரு பங்குகூட வராது. சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். அந்த அனுபவம் வேறு எதிலும் கிடைக்காது, கை பழக அதைவிட நல்ல வழி இல்லை. பெரும்பாலான ஸ்கேன் சென்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. கடைகளில் இப்போது அதிகம் இருப்பது லேசர் பிரிண்டருக்கான உலர் ஃபிலிம், அது கேமராவுக்கு உதவாது. டெவலப்பரில் கழுவுகிற, பச்சைக்கு உணர்வுள்ள ஃபிலிம் என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) இருப்பதால் டிரேயில் லேசாக உரசினாலே கீறல் விழும். சூடான தண்ணீரில் ஜெலட்டின் இளகியிருக்கும்போது இன்னும் மோசம். டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு அதன்மேல் ஒரு ஷீட்டை மட்டும் கழுவினால் கீறல் குறையும்.

ஆனால் எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கறுத்துவிடும், அரக்குப் புடவை கறுத்துவிடும், உயர் நீதிமன்றத்தின் செங்கல் சுவர் கரி பூசினதுபோல வரும். நம் முகங்களும் இருக்கும் நிறத்தைவிடக் கறுப்பாக, ஒவ்வொரு சுருக்கமும் புடைத்து வரும். முதிய மீனவர் ஒருவரின் முகத்துக்கு அது வலிமை தரலாம். ஒரு பெண்ணின் முகத்தை அவர் சம்மதமில்லாமல் அப்படி மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. வானமோ வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எஃப்பி4 எல்லா நிறத்தையும் பார்க்கிற ஃபிலிம். மனிதர்களை எடுக்கப் போகிறவர்கள் அதற்கே செலவு செய்யட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஷீட் ஃபிலிம் இங்கே எல்லா நேரமும் கையிருப்பில் இருப்பதில்லை, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். இணையத்தில் ஒருவரிடம் காலாவதி நெருங்கிய பெட்டி ஒன்றை மலிவாக வாங்கினேன். ஓரமெல்லாம் புகை பிடித்திருந்தது, வெயிலில் எங்கோ கிடந்திருக்கிறது. பிளாட்டினத்துக்கு அடிப்புகை பெரிய சுமை, அதனால் காலாவதித் தேதியையும் எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஃபிரிட்ஜில், ஜிப் பையில் காற்றை வெளியேற்றி வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. நம் ஈரக் காற்றில் ஷீட்டின்மேல் உடனே தண்ணீர் பூக்கும். முந்தின இரவே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஹோல்டரில் ஏற்றும்போது நெற்றி வியர்வை ஷீட்டில் சொட்டாமல் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் உடனே 8×10 பெட்டிக்குப் போக வேண்டாம். 4×5 எஃப்பி4 பெட்டியில் 25 ஷீட் வரும், விலை நாலில் ஒரு பங்கு பக்கம். அதே ஃபிலிம், அதே டெவலப்பர், அதே வெப்பம். அதில் ஒரு சில ஷீட்டை வெட்ஜுக்கே செலவழித்து 8, 10, 13 நிமிடங்களில் கழுவிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் பல்லேடியத்தில் ஒரே நேரம் காட்டிப் பிரிண்ட் போட்டு, 12 படியும் தெளிவாகப் பிரிந்து வருகிற நேரத்தைப் பெட்டியின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள். தண்ணீரின் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மே மாதமும் டிசம்பரும் வேறு வேறு எண்தான் தரும்.